பச்சை முள்ளுக்கு ஆள் தேவை

நியாயம் கேட்கிறவர்கள் வரிசை தவறக் கூடாது. பின்னால் நடந்த அநியாயத்தை முன்னால் சொல்லிவிட்டால், "இவர்களுக்கே என்ன நடந்தது என்று சரியாகத் தெரியவில்லை" என்று எதிர்த்தரப்பு எழுந்து தேநீர் குடிக்கப் போய்விடும். ஆகவே ஒரு நிதி ஆலோசனை நிறுவனத்தில் அதன் ஒரே பெண் ஆலோசகருக்கு இழைக்கப்பட்டவை, இழைக்கப்பட்ட வரிசையிலேயே இங்கே வைக்கப்படுகின்றன.

முதலாவது, பெயர்ப்பலகை. அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று ஆண் ஆலோசகர்கள் அத்தனை பேர் மேஜையிலும் பித்தளையில் பெயர் மின்னிக்கொண்டிருந்தது. அவள் மேஜை மொட்டையாக இருந்தது. கேட்டாள்.

"உனக்கு இன்னும் கல்யாணம் ஆகலையேம்மா. ஆச்சுன்னா இனிஷியல் மாறும், பித்தளை வீணாகும்" என்றார் மேலாளர்.

கல்யாணமும் ஆனது. "மாத்தப் போறியா இல்லையா, வீட்ல பேசி முடிவு பண்ணிட்டு வா" என்றார். மாற்றப் போவதில்லை என்றாள். "இப்ப அப்படித்தான் சொல்வே. கொஞ்ச நாள் பார்ப்போம்." அவளுக்குப் பிறந்த மகள் வளர்ந்து கல்லூரிக்குப் போகும் வரை நிறுவனம் பார்த்துக்கொண்டே இருந்தது.

இரண்டாவது, பட்டப்பெயர். சேர்ந்த புதிதில் யாரோ காபி எப்படி என்று கேட்க, "எழுபது சதவீதம் பரவாயில்லை" என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தாள். அன்றிலிருந்து அவள் சதவீதம். பின்னால் வந்தவர்களுக்குச் சதவீதம் மேடம், சதவீதம் அக்கா. மேஜையில் பலகை இருந்திருந்தால் பட்டப்பெயருக்கு உட்கார இடம் கிடைத்திருக்காது.

மூன்றாவது, கோட்டு. வாடிக்கையாளர்கள் அவள் எதிரே உட்கார்ந்து, ஓய்வூதியத்தை எதில் போடுவது, மகளின் படிப்புக்கு எப்படிச் சேமிப்பது என்று அவள் சொல்வதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிம்மா, சார் எப்ப வருவார்?" என்பார்கள். குறையைத் தீர்க்க நிறுவனம் ஒரு சாரை ஏற்பாடு செய்தது. அவர் மேலாளரின் மைத்துனர். மின்விசிறி நின்றுபோனாலும் கோட்டைக் கழற்றாதவர் என்பதால் அவருக்குப் பெயரே கோட்டு. அவள் பேசுவாள், கோட்டு தலையாட்டுவார். ஆட்டிய தலைக்குப் பாதிக் கமிஷன்.

நான்காவது, பதவி உயர்வு. வருடா வருடம் அவள் செய்த வேலையை மேலாளர் வாயாரப் புகழ்வார். புகழ்ந்து முடித்ததும், நிறுவனத்தின் பிரசுரங்கள் எல்லாவற்றின் அடியிலும் பொடி எழுத்தில் அச்சாகும் வாசகத்தை உருக்கமாகச் சொல்வார்: "கடந்தகாலச் செயல்பாடு எதிர்காலப் பலனுக்கு உத்தரவாதம் அல்ல." அந்த வாசகத்தைப் பங்குகளுக்குச் சொல்வது முறை. ஆளுக்குச் சொன்ன அலுவலகம் அது ஒன்றுதான். அதிலும் ஒரே ஒரு ஆளுக்கு.

ஐந்தாவது, மகளிர் மேம்பாட்டுக் குழு. குழுவில் இருந்தவர்கள் அனைவரும் ஆண்கள். அவள் இருக்கைக்குப் பின்னாலுள்ள சுவருக்கு ரோஜா நிறம் அடிப்பது என்று முதல் தீர்மானம். முதல் தீர்மானம் நிறைவேறியதற்காகப் படம் எடுத்துக்கொள்வது என்று இரண்டாவது தீர்மானம். படம் எடுக்கும்போது கேமராவை அவள் கையில் கொடுத்தார்கள்.

ஆறாவது அநியாயம்தான் இந்தக் கதை.

அலுவலகத்துக்கு அலுவலகம் நிர்வாக நிபுணர் வைத்துக்கொள்வது மோஸ்தராக இருந்த காலம் அது. பக்கத்துக் கட்டிடத்துக் காப்பீட்டுக்காரர்கள் ஒரு நிபுணர் வைத்துக்கொண்டார்கள் என்று தெரிந்த மறுவாரமே இங்கேயும் ஒருவர் வந்து இறங்கினார். வெள்ளைப் பலகைமுன் நின்று, வண்ணப் பேனாவின் மூடியைக் கடித்து இழுத்துவிட்டுக் கேட்டார்:

"முதலீட்டுக்கு ரிஸ்க் பார்க்கறோம். ஆலோசகருக்குப் பார்க்கறோமா?"

அறை அயர்ந்துபோனது. இப்படி ஒரு கேள்வி தங்களுக்குத் தோன்றவில்லையே என்று மேலாளர் வெட்கப்பட்டார்.

முதலீட்டுத் திட்டங்களின் விளம்பரத்தில் ஓர் அரைவட்டம் இருக்குமே, பச்சையில் தொடங்கிச் சிவப்பில் முடியும், நடுவில் ஒரு முள் நிற்கும், அதே போல அட்டையில் வெட்டி ஒவ்வோர் ஆலோசகர் மேஜையிலும் வைத்தார்கள். பாதியில் வேலையை விட்டுப் போகும் அபாயம் யாருக்கு எவ்வளவு என்பதை முள் காட்டும். எந்த முள் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கான அட்டவணை தண்ணீர்க் கேனுக்கு மேலே ஒட்டப்பட்டது.

ஆண், கல்யாணம் ஆகாதவர்: பச்சை. குடும்பப் பொறுப்பு இல்லை, எவ்வளவு நேரமும் வேலை செய்வார். ஆண், கல்யாணம் ஆனவர்: பச்சை. குடும்பப் பொறுப்பு வந்துவிட்டது, வேலையை விடமாட்டார். பெண்களுக்குக் காரணங்கள் தனித்தனியாக இருந்தன. திருமண வாய்ப்பு, சிவப்பு. பிள்ளைப்பேறு, சிவப்பு. பிள்ளையின் காய்ச்சல், சிவப்பு. பிள்ளையின் பள்ளி இறுதித் தேர்வு, சிவப்பு. மாமியார் அல்லது தாயார் உடல்நிலை, சிவப்பு. அதற்குமேல் நிபுணருக்குக் காரணம் தோன்றவில்லை. அறிவியலாக இருக்க வேண்டுமே என்பதற்காகக் கடைசியில் இரண்டு வரி சேர்த்திருந்தார். மேற்படி காரணங்கள் எதுவும் மிச்சமில்லாதோர் பச்சை. ஒருமுறை திருப்பிய முள்ளை ஒரு வருடத்துக்குத் திருப்ப இயலாது.

சதவீதம் அட்டவணையை மேலிருந்து கீழ்வரை படித்தாள். மற்றவர்கள் தங்கள் வரி வந்ததும் நிறுத்திவிட்டார்கள். அவள் கடைசி இரண்டு வரியையும் படித்தாள்.

"சார், கல்யாணம் ஆனா ஆம்பளை ஆலோசகருக்குப் பச்சை, எனக்குச் சிவப்பா?"

"அவருக்குப் பொண்டாட்டி வந்திருக்காம்மா. உனக்குப் புருஷன் வந்திருக்கான். ரெண்டும் ஒண்ணா?" என்றார் மேலாளர்.

"என் பொண்ணு தேர்வெல்லாம் எழுதி முடிச்சுட்டா சார்."

"மாமியார் இருக்காங்கல்ல?"

"முட்டி வலி மட்டும்தான்."

"அப்ப சிவப்பு" என்றார் நிபுணர். "இது உங்களைக் குறைச்சுச் சொல்றது இல்ல மேடம். உங்க மாமியாரோட முட்டியைத்தான் சொல்றோம்."

அந்த வாரமே இன்னொரு அறிவிப்பும் வந்தது. தலைமை ஆலோசகர் என்று ஒரு புதுப் பதவி. கூடத்தின் கோடியில் கண்ணாடி அறை தயாராகிக்கொண்டிருந்தது. கதவில் பலகை மாட்டத் திருகாணிக்கு இரண்டு துளையும் போட்டுவிட்டார்கள். தகுதி, பச்சை முள். தேர்வானவர் பெயரைத் தலைமையகத்து இயக்குநர் நேரில் வந்து, வாடிக்கையாளர்களைச் சாட்சியாக வைத்து வாசிப்பார். விதியை எழுதிய மேலாளர், எழுதி முடித்ததும் மைத்துனரின் தோளைத் தட்டினார். கோட்டு தலையாட்டினார்.

சதவீதம் அந்தத் திருகாணித் துளைகளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது அந்த அறை. அதைவிடவும் அந்தக் கதவு.

வீட்டில் மாமியார் காலை நீட்டி உட்கார்ந்து, அரைவட்டக் கதையை ஒரு சொல் விடாமல் கேட்டார்.

"என் முட்டியா உன் மேஜைமேல இருக்கு?"

"ஆமா அத்தை."

"சிவப்பாவா?"

"நல்ல சிவப்பு."

"டாக்டர் சொன்ன பயிற்சியைப் பண்ணுங்கன்னு நீ எத்தனை தடவை கெஞ்சியிருக்கே. நான் காதுல வாங்கல." மாமியார் யோசித்தார். அவர் முகத்தில் ஒரு மிடுக்கு வந்தது. "ஓர் ஆபீஸே என் முட்டியை நம்பி நிக்குதுன்னா நான் இப்படி உட்கார்ந்திருக்க முடியுமா? அந்தப் பாயை எடுத்துப் போடு. மாடிப்படி எத்தனை இருக்கு நம்ம வீட்ல?"

அலுவலகத்தில் நடந்தது யாரும் எதிர்பாராதது. முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. ஊர் முழுக்க அவரிடம் படித்ததால் எல்லாருக்கும் அவர் டீச்சர்தான். மேஜையில் இருந்த சிவப்பு முள்ளைப் பார்த்தார். பக்கத்து மேஜையில் கோட்டுவின் பச்சை முள்ளையும் பார்த்தார்.

"இது என்ன?"

"ரிஸ்க் மீட்டர் டீச்சர். ஆனா அது வந்து..."

"அதிக ரிஸ்க் இருந்தா அதிக லாபம்னு உங்க புத்தகத்துல கொட்டை எழுத்துல போட்டிருக்கே." கோட்டு பக்கம் விரலை நீட்டினார். "அப்ப இவர் ஃபிக்சட் டெபாசிட்டா?"

கோட்டு பழக்கதோஷத்தில் தலையாட்டிவிட்டார்.

அவ்வளவுதான். தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. குறை சொல்ல முடியாது. அதிக ரிஸ்க், அதிக லாபம் என்று வாடகைக் கூடங்களில் இலவசத் தேநீர் கொடுத்து ஊருக்குப் பாடம் நடத்தியது இதே நிறுவனம்தான். பாடம் நடத்தியவர்கள் மறந்துவிட்டார்கள். தேநீர் குடித்தவர்கள் மறக்கவில்லை. சிவப்பு முள்ளுக்கு முன்னால் வரிசை நின்றது. பச்சை முள்காரர்கள் பேப்பர் படித்தார்கள்.

சதவீதம் பொய் சொல்லத் தெரியாதவள். வந்தவர்களிடம் எல்லாம் விளக்கினாள். "இது உங்க பணத்துக்கு இல்லீங்க. எங்க மாமியார் முட்டிக்கு."

"புரியுது மேடம்" என்று கண்ணைச் சிமிட்டினார்கள். "வெளியில சொல்லமாட்டோம்."

வந்தவர்களுக்கு அவள் எப்போதும் சொல்கிற யோசனையைத்தான் சொன்னாள். அவசரத்துக்குக் கொஞ்சம் தனியாக வையுங்கள், ஒரே கூடையில் போடாதீர்கள், புரியாததில் கையெழுத்துப் போடாதீர்கள். இத்தனை வருடமும் சார் வந்தால் கேட்டுக்கொள்வோம் என்று இருந்தவர்கள், இப்போது அதையே குறிப்பெடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு முள் செய்கிற வேலையை அவள் வாய் இருபது வருடமாகச் செய்யவில்லை.

மாதக் கடைசியில் ஆண் ஆலோசகர்கள் மேலாளரை முற்றுகையிட்டார்கள்.

"சார், என் முள்ளைச் சிவப்பாக்குங்க" என்றான் கல்யாணம் ஆகாத இளைஞன். "எனக்கும் திருமண வாய்ப்பு இருக்கு."

"பொண்ணு பார்த்தாச்சா?"

"இல்ல சார். அட்டவணை வாய்ப்பைத்தானே கேக்குது? அது தினமும் இருக்கு."

அடுத்தவர் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். "என் பசங்களுக்கு அடிக்கடி காய்ச்சல் வருது சார்."

"வந்தா லீவு போடறது உன் வீட்டம்மாதானேய்யா?"

"இனிமே நான் சார்."

நிபுணர் ஆழ்ந்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். வீட்டுப் பொறுப்பை உண்மையிலேயே சுமக்கிறார் என்று சக ஊழியர்கள் இருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் ஆணுக்கும் சிவப்பு. சாட்சிக்கு எல்லாரும் ஓடியது சதவீதத்தின் மேஜைக்குத்தான். அவள் கையெழுத்து சுத்தமானது என்று அவர்களுக்கே தெரியும்.

"தாராளமா போடறேன்" என்றாள். "ஆனா பொய்ச்சாட்சி போடமாட்டேன். பையன் எந்த வகுப்பு?"

தகப்பன் விரல்விட்டு எண்ணினார். "ஆறு... ஏழுன்னு வெச்சுக்கோங்களேன்."

"வெச்சுக்க முடியாது சார். போய்த் தெரிஞ்சுட்டு வாங்க. டாக்டர் பேர், மருந்து எந்த அலமாரில இருக்கு, அதையும்."

போனார்கள். தெரிந்துகொண்டு வந்தார்கள். மாலை நாலு மணி ஆனால் அலுவலகம் காலி. பள்ளி வாசலில் டை கட்டிய தகப்பன்மார் வரிசையாக நின்றார்கள். ஒருவர் காய்ச்சல் பார்க்கிற கருவியைச் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டு திரிந்தார். இன்னொருவர் வீட்டம்மா மேலாளருக்கே போன் போட்டு, "சார், இந்தத் திட்டத்தை நிரந்தரமாக்க யாருக்கு மனு குடுக்கணும்?" என்று கேட்டார். மகளிர் மேம்பாட்டுக்கு அந்த நிறுவனம் செய்த ஒரே உருப்படியான காரியம் இதுதான். தெரிந்து செய்ததல்ல.

பதில் சரியாக இருந்தால் சதவீதம் ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டாள். முள்கள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. கடைசியில் பச்சை மிச்சம் இருந்தது கோட்டு ஒருவர்தான்.

அவர் தலையாட்டுகிற பிழைப்பும் போய்விட்டது. சிவப்பு முள்ளுக்கு வருகிறவர்கள் சாரைத் தேடுவதில்லை. போதாக்குறைக்கு அவரைக் கண்டால் "ஃபிக்சட் டெபாசிட் வருது, வழி விடுங்க" என்று சிரித்தார்கள். ஒருநாள் அவளிடமே வந்து நின்றார்.

"அக்கா, எனக்கும் ஒரு சாட்சி."

"உங்களுக்குப் பச்சை வேணுமே. தலைமை ஆலோசகர்?"

"அதெல்லாம் மச்சான் பார்த்துப்பாரு. முள்ளு எப்படி இருந்தா என்ன?"

"அட்டவணையோட கடைசி வரியைப் படிச்சீங்களா?"

"அதெல்லாம் யாரு அக்கா படிக்கறாங்க?"

அவள் எச்சரித்துவிட்டாள். அதற்குமேல் எச்சரிப்பது அவள் சம்பளத்தில் சேராது. "சரி, என்ன காரணம்?"

"அம்மா உடல்நிலை."

"அம்மா உங்க அக்கா வீட்ல, அதாவது மேலாளர் வீட்லதானே இருக்காங்க? உங்ககூட இருந்து நீங்க பார்த்துக்கிட்டாதான் நான் போடுவேன்."

கோட்டு அன்றே அம்மாவைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். இரண்டாவது சாட்சியாக மேலாளர், இத்தனை வருடம் மாமியாரோடு ஒரே வீட்டில் இருந்தவர், தாளில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் பார்க்காமல், சந்தோஷத்தில் தாள் கிழியக் கையெழுத்துப் போட்டார். கடைசிப் பச்சை முள்ளும் சிவந்தது.

மறுநாள் காலை சதவீதம் தன் விண்ணப்பத்தை நிபுணரின் மேஜையில் வைத்தாள். அவர் அதன்மேல் காபிக் கோப்பையை வைத்தார்.

அறிவிப்பு நாள் வந்தது. கூடத்தில் நாற்காலிகள் போட்டு வாடிக்கையாளர்களை உட்காரவைத்தார்கள். முதல் வரிசையில் டீச்சர். தலைமையகத்து இயக்குநர், ரயிலைப் பிடிக்க வேண்டியவர் போலக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"பச்சை முள் யாரு?"

மேலாளர் மேஜை மேஜையாகப் பார்த்தார். ரத்தம் மாதிரி சிவந்து கிடந்தது கூடம்.

"இவர் பழைய பச்சை சார்" என்று கோட்டுவை முன்னால் தள்ளினார். "இப்பவே திருப்பிடலாம்."

"திருப்ப முடியுமா?" என்று இயக்குநர் நிபுணரைக் கேட்டார்.

நிபுணர் அட்டவணையின் கடைசி வரியைப் பார்த்தார். "ஒரு வருஷத்துக்கு முடியாது சார். நானே எழுதினது."

"அப்ப வேற யாரு?"

"ஒரு விண்ணப்பம் இருக்கு சார்" என்றாள் சதவீதம். "காபிக் கோப்பைக்கு அடியில."

எடுத்தார்கள். வட்டமாகக் கறை பிடித்திருந்தாலும் படிக்க முடிந்தது. திருமண வாய்ப்பு, நடந்து முடிந்தது. பிள்ளைப்பேறு, முடிந்தது. காய்ச்சல், பிள்ளை விடுதியில் தானே மாத்திரை போட்டுக்கொள்கிறாள். இறுதித் தேர்வு, தேறிவிட்டாள். காரணங்கள் மிச்சமில்லை. அவள் முள் முதல் நாளிலிருந்தே நின்ற இடத்தில் நிற்கிறது, ஒருமுறைகூடத் திருப்பப்படவில்லை. ஆகையால் திருப்பலாம்.

"முட்டி!" என்று மேலாளர் கத்தினார். "மாமியார் முட்டி என்ன ஆச்சு?"

"வெளியில நிக்குது சார். கூப்பிடட்டுமா?"

மாமியார் உள்ளே வந்தார். லிஃப்ட் வேண்டாம் என்று மூன்று மாடியும் படியேறி வந்திருந்தார். மூச்சுக்கூட வாங்கவில்லை. கூடத்தின் நடுவில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். கையை எங்கும் ஊன்றாமல் எழுந்தார். வாடிக்கையாளர்கள் கை தட்டினார்கள்.

"இன்னொரு தடவை காட்டணுமா தம்பி?" என்று மேலாளரைக் கேட்டார்.

மேலாளர் கடைசி ஆயுதத்தை எடுத்தார். குரலில் அதே உருக்கம். "சார், கடந்தகாலச் செயல்பாடு எதிர்காலப் பலனுக்கு..."

"முட்டிக்குமா?" என்றார் இயக்குநர். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "முள்ளைத் திருப்புங்கய்யா."

நிபுணர் அட்டை முள்ளைத் திருப்பினார். அது கிறீச்சிட்டுக்கொண்டே சிவப்பைக் கடந்து, மஞ்சளைக் கடந்து, பச்சையில் போய் நின்றது.

"இவங்க பேர் என்ன?"

"சதவீதம் சார்" என்றார்கள் எல்லாரும் ஒரே குரலில்.

"சம்பளப் பதிவுல இருக்கற பேர்."

கணக்குப் பிரிவுக்கு ஆள் போனது. ஒரு துண்டுத்தாள் வந்தது. இயக்குநர் எழுந்து நின்று, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "இங்கே கூடியிருக்கும் சாட்சிகள் முன்னிலையில், இந்நிறுவனத்தின் முதல் தலைமை ஆலோசகராக..." என்று தொடங்கி, இனிஷியலோடு ஒரு பெயரை உரக்க வாசித்தார்.

யாரும் எழுந்திருக்கவில்லை.

மேலாளர் மைத்துனர் பக்கம் சாய்ந்தார். "யாருய்யா இது? வெளியாளைப் போட்டுட்டாங்களா?"

கோட்டு தலையாட்டினார்.

"இது அநியாயம்!" என்று டீச்சர் எழுந்துவிட்டார். "நம்ம சதவீதத்தைக் கூப்பிட்டுட்டு வேற யாருக்கோ குடுக்கறாங்க!"

"இனிஷியல்கூட நம்ம வீட்டு இனிஷியல் இல்லையே" என்றார் மாமியார். "யாரோ ஒருத்திக்காகவா நான் மூணு மாடி ஏறினேன்?"

சதவீதமும், உண்மையைச் சொன்னால், யார் எழுந்திருக்கிறார்கள் என்று ஒரு கணம் பின்னால் திரும்பித்தான் பார்த்தாள். பிறகுதான் உறைத்தது. மெதுவாக எழுந்தாள்.

"சார், அது நான்தான். இங்க நிறையப் பேர் இதுவரைக்கும் கேட்டதில்ல. இன்னொரு தடவை வாசிங்க. கொஞ்சம் சத்தமா."

இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டார். சாட்சிகள் அனைவரும் கேட்க, கதவில் போட்டு வைத்த இரண்டு துளைக்கும் கேட்க, அந்தப் பெயரை மறுபடியும் வாசித்தார்.

என்ன பெயர் என்றா கேட்கிறீர்கள்? இப்போதாவது கேட்டீர்களே.